இடிக்காமல் போன அலமாரி

அந்த ஊருக்குள் நுழைந்ததும் முதலில் என் கண்ணில் பட்டது ஒரு பஸ் ஏணி. பஸ் கிடையாது, அதன் பின்பக்க ஏணி மட்டும். யாரோ அதை வீட்டுச் சுவரில் அடித்து, மொட்டை மாடிக்குப் போகிற படியாக்கி வைத்திருந்தார்கள். அடுத்த வீட்டு வாசலில், கார் கூரைமேல் பொருத்துகிற கம்பிச் சட்டத்தில் ஏதோ ஒரு கொடி படர்ந்திருந்தது. அதற்கடுத்து ஒரு சலூன். லாரிகளுக்கு நெற்றியில் வளைவாக ஒரு பலகை இருக்குமே, அதுதான் சலூனுக்குப் பெயர்ப்பலகை. 'அவசரம் வேண்டாம்' என்று பூப்போட்டு எழுதியிருந்தது. சவரம் செய்துகொள்ளப் போகிறவனுக்கு அதைவிடத் தெம்பான வார்த்தை கிடைக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

"என்னங்க, இந்த ஊர்ல வண்டியை எல்லாம் உரிச்சு மாட்டி வச்சிருக்காங்க," என்றேன்.

"பழைய இரும்புக் கடை பக்கத்துல இருக்கும்," என்றார் என் வீட்டுக்காரர். எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரு பதில் இருக்கும். அது சரியா தப்பா என்பது வேறு விஷயம்.

நாங்கள் சின்ன மகளின் புது வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். வண்டி தலைமேல் ஓர் இரும்பு அலமாரி, கண்ணாடிக் கதவு வைத்தது. தள்ளுபடியில் வந்தது, விட மனசில்லாமல் வாங்கிவிட்டேன். மகள் போனில் "எனக்கு வேண்டவே வேண்டாம்மா" என்று கத்தினாள். இவர், "இதைத் தலையில தூக்கிட்டு அவ்வளவு தூரம் ஓட்டணுமா" என்று முனகினார். நான் யார் பேச்சையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. படுக்கப் போட்டால் கண்ணாடி வானத்தைப் பார்த்திருக்கும், ஏதாவது விழுந்து உடையும் என்று சொல்லி, கடைக்காரன் அதை ஒருக்களித்து நிறுத்திக் கட்டியிருந்தான். எங்கள் வண்டியே கொஞ்சம் உயரமான ரகம். பெரிய ரோட்டில் ஏதோ வேலை நடக்கிறது என்று எல்லாரையும் திருப்பிவிட்டபோது, இவர் "குறுக்கு வழி எனக்குத் தெரியும்" என்று இந்த ஊருக்குள் விட்டார். தெரியாது என்பது எனக்குத் தெரியும்.

கடைத்தெரு முடிகிற இடத்தில் ஒரு ரயில் பாலம். இரண்டு பக்கமும் கருங்கல் சுவர், மேலே ஒரு இரும்பு உத்தரம். உத்தரத்தின் முகம் முழுக்கக் கீறல், பல வண்டிகளின் பல நிறப் பெயின்ட். பாலத்துக்கு முன்னால் ரோட்டின் இரண்டு ஓரத்திலும் பெஞ்சுகள். எல்லாமே பாலத்தைப் பார்த்துப் போட்டிருந்தன. பாதி ஊர் அங்கேதான் உட்கார்ந்திருந்தது. எங்கள் வண்டியைக் கண்டதும் பேச்சு நின்றது. பின்வரிசையில் ஒருவர் எழுந்து, முன்னால் இருப்பவரைத் தலையை நகர்த்தச் சொன்னார்.

சட்டென்று பெஞ்சிலிருந்து ஓர் ஆள் எழுந்து ஓடிவந்தார். கையில் சிவப்புத் துணி கட்டிய நீளமான கம்பு. "நிறுத்துங்க! நிறுத்துங்க சார்!" என்று கத்திக்கொண்டே வண்டிக்குக் குறுக்கே பாய்ந்தார். இவர் பிரேக்கை மிதித்த மிதியில் என் நெற்றி முன்னால் போய் மோதியது.

"அறிவிருக்காய்யா உனக்கு? சாகறதுக்கு எங்க வண்டிதான் கிடைச்சுதா?" என்று கண்ணாடியை இறக்கிக் கத்தினேன்.

அவர் என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கம்பை வண்டியை ஒட்டி நிறுத்தினார், அலமாரியைப் பார்த்தார், பாலத்தைப் பார்த்தார். "ஒரு ஜாண் தூக்கலா இருக்கு சார். நீங்க அந்தப் பக்கம் போயிருப்பீங்க, அலமாரி இந்தப் பக்கம் நின்னிருக்கும்," என்றார்.

பெஞ்சுகளிலிருந்து "ச்சே!" என்று ஒரு சத்தம் வந்தது. சலூன் துண்டைத் தோளில் போட்டிருந்த ஒருவர், "கெடுத்தான்யா காரியத்தை," என்று தலையில் கைவைத்தார். பிழைத்தோமே என்று ஒரு பேச்சுக்காவது யாரும் சொல்லவில்லை. எங்களை ஏதோ வாக்குக் கொடுத்து ஏமாற்றியவர்கள் மாதிரி பார்த்தார்கள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

அலமாரியை அவிழ்த்து மல்லாக்கப் படுக்க வைத்தால் மயிரிழையில் போய்விடலாம் என்றார் அந்த ஆள். ஊரில் எல்லாரும் அவரைக் கம்புக்காரர் என்றே கூப்பிட்டார்கள். இவரும் அவரும் முடிச்சோடு மல்லுக்கட்ட ஆரம்பித்தார்கள். நான் நெற்றியைத் தடவிக்கொண்டு எதிரிலிருந்த டீக்கடைக்குப் போனேன். அங்கே ஒரு வட்ட மேசை. கிட்டப் போய்ப் பார்த்தால் அது மேசை இல்லை, பாலத்தின் உயரத்தைச் சொல்கிற எச்சரிக்கைப் பலகை. அந்தப் பலகையையே ஒரு லாரி இடித்துப் பிடுங்கிப் போட்டதாம். மறுபடி நட்டார்களாம், மறுபடியும் இடித்ததாம். அதன்மேல் கிளாஸை வைத்துக்கொண்டு, கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு ரயில்வே இன்ஜினியர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

டீக்கடைக்காரி எனக்குக் கிளாஸை நீட்டினாள். அதில் டீ ஊற்ற மறந்திருந்தாள்.

"உடம்பு சரியில்லையாம்மா?" என்றேன்.

"உடம்புக்கு என்னக்கா, கல்லு மாதிரி இருக்கு. மனசுதான் ஆறலை," என்றவள், இன்ஜினியரை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு என்னை உள்ளே அடுப்புப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். "அந்தக் கம்பு வச்சிருக்கிற மனுஷன் இருக்காரே, அவர்தான் என் வீட்டுக்காரர்."

உள்ளே ஓர் அறைதான். அடுப்பும் கட்டிலும் துணிக்கொடியும் எல்லாம் அதிலேயே. மேலே ரயில் போனபோது தட்டுகள் தாளம் போட்டன. அவள் போகிற போக்கில் ஒரு கையால் தட்டு ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தாள். அந்தக் கைக்கு அது பழக்கமாகிவிட்டிருந்தது.

கம்புக்காரர் ஒரு காலத்தில் லாரி டிரைவர். ஒட்டுப்பலகை ஏற்றிக்கொண்டு இந்த ஊர் வழியாக வந்திருக்கிறார். பாலம் கண்ணில் பட்டிருக்கிறது, உயரம் மனசில் படவில்லை. லாரி உள்ளே போய்ச் செருகிக்கொண்டது. கிரேன் வைத்து எடுக்கிற வரைக்கும் ஊரே வேடிக்கை பார்த்தது. முதலாளி வந்து லாரியை மட்டும் கூட்டிக்கொண்டு போனார், டிரைவரை விட்டுவிட்டார். அப்போது இந்தக் கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தது இவளுடைய அப்பா. இவள் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தாள். மனுஷனுக்குப் போக இடமில்லை, இங்கேயே தங்கினார், கல்யாணமும் ஆனது. பிள்ளை குட்டி இல்லை. அதை ஒரே மூச்சில் சொல்லி முடித்துக்கொண்டாள்.

"இத்தனை பேர் உட்கார்ந்து பார்த்தீங்களே, ஒருத்தன் கை காட்டினீங்களான்னு இன்னும் கேட்பாரு. நான் சொல்லுவேன், யாராவது கை காட்டியிருந்தா நான் உமக்குக் கிடைச்சிருக்க மாட்டேன்யா, போய் அந்தப் பாலத்தைக் கும்பிடும்னு," என்று சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

சும்மா இருந்த மனுஷன் ஒரு நாள் கம்பை வெட்டி, உத்தரத்தின் உயரத்துக்கு அளந்து, மேலே சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டு ரோட்டில் நின்றுவிட்டார். யாரும் வைத்த வேலை இல்லை. விடிந்தால் நிற்பார், இருட்டினால் பெரிய டார்ச்சோடு நிற்பார். உயரமான வண்டி வந்தால் மறிப்பார், ஊரைச் சுற்றிப் போகிற வழியைக் காட்டுவார். அதுவரைக்கும் ஊர் பாலத்தால் பிழைத்த ஊர். லாரி மாட்டினால் கிரேனுக்கு வேலை, டயர்க் கடைக்கு வேலை, லாட்ஜுக்கு ஆள், டீக்கடைக்கு ராத்திரி பகல் வியாபாரம். கீழே விழுந்ததை உடையவன் திரும்பிவந்து கேட்காவிட்டால், எடுத்தவனுக்குச் சொந்தம். ஏணி, கம்பிச் சட்டம், பலகை எல்லாம் அப்படி வந்ததுதான். அந்த மனுஷன் கம்பைத் தூக்கினார், எல்லார் பிழைப்பும் படுத்துவிட்டது. முதலில் படுத்தது பெண்டாட்டியின் டீக்கடை.

"வெளியூர்க்காரனுக்கு நல்லது பண்றேன்னு சொந்த வீட்டு அடுப்பை அணைக்கிற ஆளை எங்கயாவது பார்த்திருக்கீங்களா?" என்றாள். "கையெடுத்துக் கும்பிடவும் தோணுது, நாலு அறை விடவும் தோணுது."

அடுத்த மாதத்தோடு கடையை மூடுவதாக முடிவாகியிருந்தது. பாலத்தைத் தாண்டி இரண்டு ஊர் தள்ளி அவளுடைய அண்ணன் கேன்டீன் நடத்துகிறார். வேலையும் தங்க அறையும் தருகிறேன், ரெண்டு பேரும் வாங்க என்று கூப்பிட்டபடி இருக்கிறார். கம்புக்காரர் பாலத்தை விட்டு அசைய மாட்டேன் என்கிறார். கடைசியில் ஒரே ஒரு வழி தெரிந்தது. ரயில்வேயில் பாலங்களுக்குக் காவலாள் போடுகிறார்களாம். சம்பளம், யூனிஃபார்ம், இரண்டு அறை வீடு. அதைப் பார்த்து முடிவு செய்யத்தான் இன்று இன்ஜினியர் வந்திருக்கிறார். "இது கிடைச்சா இருக்கேன். கிடைக்கலைன்னா இன்னைக்கே அண்ணன்கிட்ட கிளம்பிடுவேன், நீர் உம்ம பாலத்தோட குடும்பம் நடத்தும்னு சொல்லிட்டேன்க்கா. சும்மா வாய்வார்த்தைக்குச் சொல்லலை." கட்டிலுக்கடியில் கட்டி வைத்த பையைக் காலால் தள்ளிக் காட்டினாள்.

"கிடைக்குமில்ல? இப்பதான் எங்களைக் காப்பாத்தினாரே, அந்த இன்ஜினியரும் பார்த்தாரே," என்றேன்.

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அதுதான்க்கா வினை! ஆபத்தான பாலத்துக்குத்தான் ஆள் போடுவாங்களாம். இங்க எதுவும் மோதறதே இல்லையே, எப்படிப் போடுவாங்க? இன்னைக்கு ஒரு நாள் மட்டும் கையைக் கட்டிக்கிட்டு உட்காரும், அவர் கண்ணெதிர ஒரே ஒரு வண்டி மோதட்டும்னு ஊரே சேர்ந்து கெஞ்சுச்சு. பஸ் வேண்டாம், ஆளுங்க மேல உட்கார்ந்து வர்ற வண்டி வேண்டாம், சாமான் வண்டியா ஒண்ணு. தலையாட்டினாரு. சட்டையைக்கூட இஸ்திரி போட்டுக் குடுத்தேன். காலையில இருந்து ஒரு வண்டி உயரமா வரலை. நீங்க வந்தீங்க."

எனக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. "அப்ப நாங்க மோதியிருக்கணுமா?"

"அலமாரிதானேக்கா போயிருக்கும். உங்களுக்கு ஒரு கீறல் விழாது. கிரேன் பக்கத்துலயே ரெடியா நிக்குது."

இதென்ன கொடுமை! முன்பின் தெரியாதவளின் அலமாரியை வைத்து ஊரே ஒரு கணக்குப் போட்டிருக்கிறது. வாயில் வந்ததைச் சொல்லித் திட்டலாம் என்றுதான் நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டேன். யாருக்கும் வேண்டாத அலமாரி அது. மோதியிருந்தால் இவர் உள்ளூர சந்தோஷப்பட்டிருப்பார்.

வெளியே வந்தபோது இன்ஜினியர் எழுந்து நின்று, பெஞ்சுக்காரர்களிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். நல்ல மாதிரியான மனுஷர்தான். வெயிலில் அலைந்த களைப்பு தெரிந்தது.

"இங்க அடிக்கடி மோதுமா?"

"ஐயோ, அதை ஏன் சார் கேக்கறீங்க," என்று சலூன்காரர் முந்திக்கொண்டார். "வாரம் தவறாது. என்னைக்கு எவன் தலை போகுமோன்னு பயந்துகிட்டே கத்தியைப் பிடிக்கிறோம்."

"போன வாரம்கூட ஒரு வேன் சார். சப்பையாயிடுச்சு. நான்தான் எடுத்தேன்," என்றார் கிரேன்காரர். பொய்யென்றாலும் அழகாகச் சொன்னார். டீக்கடைக்காரி என் முழங்கையைப் பற்றினாள். இன்ஜினியர் தலையை ஆட்டினார், காரியம் கைகூடுகிற மாதிரிதான் இருந்தது.

வண்டிமேல் ஏறி நின்று கயிறு இழுத்துக்கொண்டிருந்த கம்புக்காரரின் கை நின்றது. "எந்த வேன்?" என்றார்.

டீக்கடைக்காரி வாயில் விரலை வைத்துக் காட்டினாள். அவர் பார்க்கவில்லை, அவருக்கு முகம் சிவந்துவிட்டது. கீழே குதித்து நேராக இன்ஜினியரிடம் வந்தார். "போன வாரம் எதுவும் மோதலை சார். அதுக்கு முந்தியும் மோதலை. நான் நிக்க ஆரம்பிச்சதுக்கு அப்புறம் ஒண்ணு மோதியிருக்கான்னு இவங்களைச் சத்தியம் பண்ணச் சொல்லுங்க. நான் ஒண்ணைக்கூட விட்டதில்லை."

திருடினான் என்று சொன்னால்கூட அந்த மனுஷனுக்கு அவ்வளவு ரோஷம் வந்திருக்காது. சலூன்காரர் துண்டை உதறி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கிரேன்காரர், "உனக்குப் போய்ப் பேச வந்தேன் பார்," என்று எழுந்து போய்விட்டார். என் முழங்கையிலிருந்த பிடி தளர்ந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. "சார், நீங்களே பார்த்தீங்கல்ல? இவர் மட்டும் குறுக்க வரலைன்னா நாங்க மோதியிருப்போம். இவரை விட்டா இந்த வேலைக்கு வேற யாரைப் போடுவீங்க?" என்று கேட்டேன்.

"அம்மா, நான் குறை சொல்லலை," என்றார் அவர். "நிறைய பாலத்துக்கு ஆள் கேக்கறாங்க. எனக்குக் குடுத்திருக்கிறது ரெண்டே ஆள். மோதற இடத்துக்குத்தான் போட முடியும். இங்கதான் மோதலையே."

"இவர் நிக்கறதாலதானே மோதலை!"

"அதான் நிக்கறாரே," என்றார்.

கிண்டலாகச் சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னார். அதற்குமேல் நான் என்ன வாதாட முடியும்? டீக்கு நன்றி சொல்லிவிட்டு அவர் தன் வண்டியில் ஏறிப் போனார். அந்த வண்டி தாழ்வானது, பாலத்துக்கடியில் சுலபமாகப் புகுந்து போய்விட்டது. பெஞ்சுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின.

கம்புக்காரர் திரும்பவும் வண்டிமேல் ஏறி, விட்ட முடிச்சைப் போட்டார். இவர் கீழேயிருந்து கயிற்றைக் கொடுத்துக்கொண்டே, "ஏங்க, பேசாம உட்கார்ந்திருக்கலாமே. எங்க அலமாரி ஒண்ணும் பெரிசில்லை," என்று மெதுவாகச் சொன்னார். எனக்குக் கேட்டுவிட்டது. இன்னொரு சமயமாயிருந்தால் அதற்கே ஒரு சண்டை போட்டிருப்பேன்.

"உட்கார்ந்துதான் சார் இருந்தேன். பெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுதான் உட்கார்ந்திருந்தேன். கால் எழுந்திருச்சிடுச்சு," என்றார் அவர்.

டீக்கடைக்காரி அடுப்பை அணைத்தாள். கிளாஸ்களைக் கழுவிக் கவிழ்த்தாள். பையை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள். "அக்கா, நீங்க போற வழியிலதான் எங்க அண்ணன் ஊரு. என்னையும் ஏத்திக்கிறீங்களா?" கேட்டது என்னை. குரல் உயர்ந்திருந்தது, வண்டிமேல் நிற்கிற ஆளுக்குக் கேட்கிற மாதிரி.

நான் இவரைப் பார்த்தேன். இவர் தரையைப் பார்த்தார். "ஏறிக்கோம்மா," என்றேன். வேறென்ன சொல்வது?

அவள் ஒரு காலை வண்டியில் வைத்து, ஒரு காலை ரோட்டிலேயே வைத்து, பையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்திக்கொண்டிருந்தாள். பையை நகர்த்த அவ்வளவு நேரம் ஆகாது. பிறகு ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.

கம்புக்காரர் கீழே இறங்கினார். பின்சீட்டைப் பார்த்தார். கையை இடுப்பில் துடைத்தார், தொண்டையைச் செருமினார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நான் சீட்டில் திரும்பி உட்கார்ந்தேன். அவர் டயரைப் பார்த்தார், கம்பை நிறுத்தி அலமாரியை இன்னொரு தடவை அளந்தார்.

"ஆள் ஏறினது நல்லதுதான் சார்," என்றார் என் வீட்டுக்காரரிடம். "வண்டி கொஞ்சம் அமுங்கும். இடிக்காது."

பாவி மனுஷா, இதற்கா இவ்வளவு நேரம் தொண்டையைச் செருமினாய் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அவள் நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் எங்களுக்கு முன்னால் போய் நின்று, இரண்டு கையையும் தூக்கி, பின்பக்கமாகவே நடந்தார். "வாங்க, வாங்க. கொஞ்சம் லெஃப்ட். போதும். அப்படியே வாங்க." பாலத்துக்கடியில் இருட்டாக, ஈரமாக இருந்தது. மேலே எதுவும் உரசவில்லை. கம்புக்காரர் கண் அலமாரியின் மேல் விளிம்பிலேயே இருந்தது, ஒரு தடவைகூடக் கீழே இறங்கவில்லை. அந்தப் பக்கம் வெயிலுக்கு வந்ததும் ஓரமாக ஒதுங்கி, வண்டியின் முதுகில் இரண்டு தட்டு தட்டினார். "ரைட். போகலாம்."

இவர் மெதுவாகத்தான் ஓட்டினார். எதிரில் ஒரு லாரி வந்தது, மெத்தைகளை மலையாக அடுக்கி, கயிறு கட்டி, ஆடிக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனது. அவள் கழுத்தைத் திருப்பி அதன் உச்சியைப் பார்த்தாள்.

"இது இடிக்கும்," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அதெல்லாம் நிறுத்திடுவாரு," என்றாள்.

நான் தலையாட்டினேன்.

"என்னையும் நிறுத்துவாருன்னு நினைச்சுத்தான்க்கா பையை எடுத்தேன்."

இவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். இன்ஜினை அணைக்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். பின்கதவு திறக்கிற சத்தம் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இவர் வண்டியைக் கிளப்பினார்.